மூன்று புள்ளி இரண்டு

வடக்கு டகோட்டாவில், மைனாட் நகரில்
பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவர் டேரில் ஓஸ்ட்லி.
விடியற்காலை நாலு மணிக்கு வேலை.
அதற்கு முன்னால் இரண்டு மணி நேரம்
நிலவறையில், சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில்,
முந்நூற்று அறுபது கல்லூரிக் கூடைப்பந்து அணிகளை
வரிசையில் நிறுத்துவார்.

நவம்பரில் எல்லோருக்கும் ஒன்று.
போன வருடக் கோப்பை,
பயிற்சியாளரின் சம்பளம்,
பன்னிரண்டாயிரம் பேர் உட்காரும் அரங்கம்
எதுவும் அவருடைய நிரலுக்குத் தெரியாது.
ஒன்று. அவ்வளவுதான்.

பிறகு ஆட்டங்கள் வரும்.
தோற்றவர் ஜெயித்தவருக்கு மொய் எழுத வேண்டும்.
கையிலிருப்பதைத்தான் எழுத முடியும்.
கையிலிருப்பதோ
தன்னிடம் தோற்றவர்கள் எழுதிய மொய்.
அவர்கள் எழுதியது
அவர்களிடம் தோற்றவர்கள் எழுதியது.
இது எங்கே போய் முடியும் என்று கேட்டாள்
மனைவி க்ளாரிஸ், துணி எடுக்க வந்தவள்.
முடியாது, ஆனால் நின்றுவிடும் என்றார்.
சுற்றிச் சுற்றி
துணியெல்லாம் ஓரத்தில் ஒட்டிக்கொள்கிறதல்லவா,
அப்படி.

பதினைந்து புள்ளிக்கு மேல் வித்தியாசம் போனால்
நிரல் கண்ணை மூடிக்கொள்ளும்.
விழுந்தவனை மிதிப்பதற்கு மதிப்பில்லை.
சொந்த மைதானத்தில் ஆடினால்
மூன்று புள்ளி இரண்டு கழியும்:
கூச்சலுக்கு,
தன் கட்டிலில் தூங்கி எழுந்ததற்கு,
வளையம் எந்தப் பக்கம் கொஞ்சம் இளகும் என்று
தெரிந்து வைத்திருப்பதற்கு.
பதினோரு வருட ஆட்டங்களை அரைத்து
அவரே கண்டுபிடித்த எண்.

மார்ச் மாதம், சனி நள்ளிரவு தாண்டியிருந்தது.
ஞாயிறு காலை உள்ளூர் வானொலி
முதல் நாற்பது பெயர்களை வாசிக்கும்.
ப்ரேரி ஹில் கல்லூரி நாற்பத்தொன்றில் நின்றது.
மூன்று வருடம் அவர் பெஞ்ச் தேய்த்த கல்லூரி.
களத்தில் இருந்தது மொத்தம் பதினோரு நிமிடம்.
எடுத்த புள்ளி பூஜ்ஜியம்.

ஏன் நாற்பத்தொன்று?
நூலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார்.
ப்ரேரி ஹில் ஜெயித்த ஓர் அணி,
அந்த அணி ஜெயித்த இன்னொன்று,
அது தோற்ற ஒரு செவ்வாய்க்கிழமை.
அலபாமாவில் ஒரு சின்ன உள்ளரங்கம்.
பார்வையாளர் எண்பத்து மூன்று.
கடைசி இடத்து அணியில்
க்விண்டல் ப்ரூவர் என்ற பையன்
பாதிக் களத்திலிருந்து, மணி அடிக்கும்போது,
எறிந்தான்.
வளையத்தில் மூன்று முறை குதித்து
யோசித்து
விழுந்தது.
ஒரு புள்ளியில் வெற்றி.

மூன்று புள்ளி இரண்டை
மூன்று புள்ளி ஐந்தாக்கினார் டேரில்.
சும்மாதான். பார்க்கத்தான்.
எண்கள் சுழன்று அடங்கின.
ப்ரேரி ஹில், நாற்பது.

அதே விசையில்
அலபாமாவில் அந்தப் பந்து
கொஞ்சம் இளைத்திருந்தது.

யாருக்கும் தெரியப்போவதில்லை.
க்விண்டல் ப்ரூவருக்குக்கூட.
அவன் அணி அன்றும் முந்நூற்று அறுபது,
இன்றும் முந்நூற்று அறுபது;
அந்த எறிதல்
அவர்களை ஒரு படிகூட ஏற்றவில்லை.
டேரில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.
எண்பத்து மூன்று பேர் போட்ட கூச்சலுக்கு
மூன்று புள்ளி இரண்டே அதிகம்.
அதில் எத்தனை பேர்
கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு
வாசல் பக்கம் திரும்பியிருந்தார்களோ.

ஐந்தை அழித்தார்.
இரண்டு.

ஏழு மணிக்கு, பர்டிக் நெடுஞ்சாலையில்,
வண்டியின் இரும்பு அலகு தாரை உரசிக்கொண்டு போக,
வானொலி நாற்பதாவது பெயரைச் சொன்னது.
நெப்ராஸ்காவில் எங்கேயோ ஒரு கல்லூரி.
உடனே டயர் விளம்பரம்.
அவர் சத்தத்தைக் குறைத்துவிட்டு
காலியான அறைக்குள்,
கண்ணாடித் துடைப்பானைப் பார்த்து,
நாற்பத்தொன்றைச் சொன்னார்.